டேடோனா: ஆட்டத்தின் குறை எது, மெஷினின் குறை எது?

நீங்கள் கேட்டதைச் சுருக்கிச் சொன்னால் இதுதான். மலேசியாவில் சுங்கை சிப்புட் ஊரில் உங்கள் மாமாவின் மினி மார்க்கெட்டுக்குப் பக்கத்துக் கடை காலியாகக் கிடக்கிறது. தன்னிடம் உள்ள, டேடோனா யூஎஸ்ஏ என்ற கார் ரேஸ் ஆட்டத்தின் பழைய இரட்டை இருக்கை மெஷினை விற்க ஒருவர் ஆள் தேடுகிறார். "அதுக்கு மேல ஒரு கார் கேம் இன்னும் வரல" என்று மாமா ஒரே பிடியாக நிற்கிறார். நீங்கள் போய் விளையாடிப் பார்த்தீர்கள், பெரிதாக ஒன்றும் தெரியவில்லை. மூன்றே பாதை, ஒரே கார், உட்கார்ந்த சூடு ஆறுவதற்குள் முடிந்துவிடுகிறது, பின்னால் விட்ட கார் எங்கிருந்தோ வந்து முந்துகிறது, ஸ்டியரிங் தொளதொள என்று இருக்கிறது. இது உண்மையிலேயே நல்ல ஆட்டமா, மாமாவின் வயசுக் கோளாறா, காசு போடலாமா என்று கேட்கிறீர்கள்.

ஆட்டம் நல்ல ஆட்டம்தான், தம்பி. ஆனால் நீங்கள் விளையாடியது அந்த ஆட்டத்தைத்தானா என்பதில் எனக்குச் சந்தேகம் இருக்கிறது. நீங்கள் அடுக்கிய குறைகள் ஒரே இடத்திலிருந்து வரவில்லை. சில, ஆட்டத்தை எழுதியவர்கள் தெரிந்தே வைத்தவை. சில, மெஷின் தேய்ந்து வந்தவை. இன்னும் சில, கடைக்காரர் உள்ளே கதவைத் திறந்து மாற்றி வைத்தவையாக இருக்கலாம். பிரித்துப் பார்க்காமல் தீர்ப்புச் சொன்னால் உங்களுக்கும் பயனில்லை, மாமாவிடமும் பேச்சு எடுபடாது.

நான் ஈப்போவில் பாலிடெக்னிக்கில் எலெக்ட்ரானிக்ஸ் படித்தவன். அதற்குப் பிறகு பல வருடம் பேராக்கில் சின்ன ஊர்க் கடைகளுக்கு இந்த மாதிரி மெஷின்களைப் பழுது பார்த்திருக்கிறேன்: சுங்கை சிப்புட், கோலகங்சார், தைப்பிங், தெலுக் இந்தான் பக்கம். போர்டு (உள்ளே இருக்கும் மின்சுற்றுப் பலகை), மானிட்டர், ஸ்டியரிங் பற்றி நான் சொல்வதை நம்பலாம். ஓட்டுவதில் நான் சுமார்தான். கெட்டிக்காரர்கள் ஓட்டும்போது ஸ்க்ரூ டிரைவரோடு பின்னால் நின்று பார்த்தது நிறைய. ஓட்டும் நுணுக்கம் பற்றி நான் சொல்வதில் பாதி அப்படி வந்ததுதான்.

ஆட்டத்தைச் செய்தது சேகா என்ற ஜப்பானிய நிறுவனத்தின் ஏஎம்2 குழு. இயக்கியவர் தொஷிஹிரோ நாகோஷி, தயாரிப்பாளர் யூ சுசுகி. 1993-இல் ஜப்பானில் சில இடங்களில் மட்டும் இறக்கி, 1994-இல் உலகம் முழுக்க விட்டார்கள். உள்ளே இருப்பது மாடல் 2 என்ற போர்டு. அதற்கு முந்தைய மாடல் 1 போர்டில் 1992-இல் வந்த வெர்ச்சுவா ரேசிங்கில் கார், மலை, மரம் எல்லாமே ஒரே நிறம் பூசிய தட்டைப் பலகோணங்கள். மாடல் 2 அந்தப் பலகோணங்களின் மேல் படத்தைப் போர்த்தியது. சாலைக்குத் தார் வந்தது, பாறைக்குப் பாறையின் சொரசொரப்பு வந்தது. இந்த வித்தை ராணுவ விமானிகளுக்கான சிமுலேட்டர் செய்துகொண்டிருந்த ஜீஇ ஏரோஸ்பேஸ் நிறுவனத்திலிருந்து வந்தது. அந்தக் காலத்தில் கடைக்கு வந்தவர்கள் வாயைப் பிளந்தது இதைப் பார்த்துத்தான். இன்று உங்கள் கைபேசியே இதைவிட அழகாகப் படம் காட்டும் என்பதால் அந்த வியப்பு செத்துப்போய்விட்டது. மாமா அதைச் சொல்லிப் புகழ்ந்தால், அது பழைய ஞாபகம்தான், விட்டுவிடுங்கள்.

சாகாதது இன்னொன்று. படம் வினாடிக்கு ஏறத்தாழ 60 ஃப்ரேம், அதாவது 60 தடவை புதிதாக வரையப்பட்டு, எவ்வளவு கார் கூட்டமாக வந்தாலும் விழாமல் ஓடுகிறது. கையைத் திருப்பிய கணமே கார் திரும்புகிறது. இதன் அருமை தெரிய வேண்டுமென்றால், 1995-இல் சேகா சாட்டர்ன் என்ற வீட்டு கேம் கருவிக்கு இதே ஆட்டத்தை வீட்டு வடிவமாகக் கொண்டுவந்தார்களே, அதைப் பாருங்கள். அதே பாதை, அதே பாட்டு. ஆனால் வினாடிக்கு 20 ஃப்ரேம், தூரத்தில் மலை திடீர் திடீரென்று முளைக்கும். கணக்குப்படி ஆட்டம் ஒன்றுதான், கைக்கு அது வேறு ஆட்டம். வழுக்கும் காரைப் பிடிக்க வேண்டிய நேரத்தில் திரை ஒரு படி பிந்தினால் பிடிக்க முடியாது.

வழுக்கல் என்றேன், அதில்தான் இந்த ஆட்டத்தின் உயிர் இருக்கிறது. அதனால் இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். கீழே இரண்டே பெடல்: ஆக்சிலேட்டர், பிரேக். கிளச் கிடையாது. இடது கைப் பக்கம் நாலு கியர், லோரியில் இருப்பது போல எச் வடிவத்தில். ஆரம்பத்தில் ஆட்டோவா மேனுவலா என்று கேட்கும். புதிதாக வருகிறவர்கள் எல்லோரும் ஆட்டோதான் அழுத்துவார்கள். நீங்களும் அதைத்தான் அழுத்தியிருப்பீர்கள். மேனுவல் எடுத்து, வளைவுக்குக் கொஞ்சம் முன்னால் 4-இலிருந்து நேரே 2-க்கு இறக்கி, ஸ்டியரிங்கை வளைவுப் பக்கம் வெட்டினால், காரின் பின்பக்கம் பிடியை விட்டு வெளியே வீசும். வீசியதும் எதிர்ப்பக்கம் திருப்பிப் பிடிக்க வேண்டும். அதிகம் திருப்பினால் கார் அந்தப் பக்கம் வெட்டிச் சுவரில் போய் நிற்கும், குறைவாகத் திருப்பினால் சுழன்றுவிடும். சரியாகப் பிடித்தால் காரின் மூக்கு வளைவின் உள்பக்கத்தைப் பார்த்தபடியே முழு நீளமும் சறுக்கிப் போகும். பிடி திரும்புவது கையில் தெரியும். அப்போது 3, அப்புறம் 4. ஆட்டோவில் பிரேக்கை மிதித்தும் சறுக்கலாம், ஆனால் வேகம் செத்துவிடும், திரும்ப ஏறுவதற்குள் நாலு கார் முந்தியிருக்கும்.

அதே 1993-இல் நாம்கோ நிறுவனத்தின் ரிட்ஜ் ரேசரும் வந்தது. அதிலும் சறுக்கல் உண்டு, பார்க்கவும் அழகு. ஆனால் அங்கே சறுக்க ஆரம்பித்த பிறகு ஆட்டமே உங்களைக் கைப்பிடித்து வளைவைக் கடத்தி விடுகிறது என்பது என் அபிப்பிராயம். டேடோனாவில் சறுக்கல் முழுக்க நீங்கள் வேலை செய்துகொண்டே இருக்க வேண்டும். செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டுகிற அண்ணன்மார் சிலர் எங்கள் ஊர்க் கடைக்கு வருவார்கள். கேம் விளையாடிய பழக்கமே இல்லாதவர்கள். கியரில் கை தானாகப் போய், பையன்களை ஓட ஓட விரட்டுவார்கள். அதற்காக இது நிஜ கார் ஓட்டுவதைச் சொல்லிக்கொடுக்கும் என்று நினைத்துவிடாதீர்கள். நிஜத்தில் அந்த வேகத்தில் 4-இலிருந்து 2-க்கு இறக்கினால் கியர்பாக்ஸ் கதி அதோகதி.

இப்போது உங்கள் "தொளதொள" புகாருக்கு வருகிறேன். நல்ல நிலையில் இருக்கும் மெஷினில் ஸ்டியரிங் கனமாக இருக்கும், மோட்டார் வைத்துத் திருப்பி இழுக்கும், சுவரில் மோதினால் கை அதிரும். பிடி போவதும் வருவதும் அந்தக் கனத்தில்தான் தெரியும். அது செத்துப்போனால் கண்ணை மட்டும் நம்பி ஓட்ட வேண்டும். கண் எப்போதும் பிந்தித்தான் சொல்லும். அடுத்தது, ஸ்டியரிங் எவ்வளவு திரும்பியிருக்கிறது என்று போர்டுக்குச் சொல்வது 5 கிலோ ஓம் பொட்டென்ஷியோமீட்டர் ஒன்று. எல்லோரும் அதிக நேரம் நேராகத்தானே ஓட்டுகிறார்கள், அதனால் அதன் நடுப்பகுதிதான் முதலில் தேயும். தேய்ந்தால் நேர் சாலையில் கார் தானாக ஒரு பக்கம் இழுக்கும், சின்னத் திருப்பத்துக்குச் சட்டென்று குதிக்கும். நீங்கள் "ஒரே வளைவில் திரும்பத் திரும்ப மோதினேன்" என்று எழுதியிருந்தீர்கள். அது உங்கள் கைக்கோளாறாகவும் இருக்கலாம், ஆனால் நான் முதலில் சந்தேகப்படுவது இதைத்தான். கியர் கம்பியின் அடியில் மைக்ரோ சுவிட்சுகள் இருக்கின்றன. அதில் ஒன்று போனால் 2-வது கியர் விழுகிற மாதிரி கையில் தெரியும், ஆட்டத்தில் விழாது. அப்படிப்பட்ட மெஷினில் மேனுவல் எடுத்தவன் நாலு தடவை சுவரில் முட்டிவிட்டு வாழ்நாளெல்லாம் ஆட்டோதான் எடுப்பான். பராமரிப்பில்லாத கடைகளில் இந்த ஆட்டத்துக்குக் கெட்ட பெயர் வந்தது பெரும்பாலும் இப்படித்தான்.

"சீக்கிரம் முடிந்துவிடுகிறது" என்பது வேறு விஷயம். இது ஆட்டத்தோடு பிறந்தது. நாணயம் விழுந்தால்தான் கடைக்காரருக்கு வாடகை. முதல் பாதையான த்ரீ செவன் ஸ்பீட்வேயில் வழக்கமான செட்டிங்கில் 8 சுற்று, 40 கார். இரண்டாவதான டைனோசர் கேன்யனில் 4 சுற்று. மூன்றாவதான சீ-சைட் ஸ்ட்ரீட் கேலக்ஸியில் 2 சுற்று. நன்றாக ஓட்டுகிறவர் முதல் பாதையில் ஒரு சுற்றை 20 வினாடிக்குள் முடித்துவிடுவார். அப்படியென்றால் மொத்த ரேஸும் 3 நிமிடத்துக்குள். கேட்க அநியாயமாக இருக்கும். ஆனால் அந்த 3 நிமிடத்துக்குள் ஒரே வளைவை 8 தடவை சந்திக்கிறீர்கள் என்பதைக் கவனித்தீர்களா? முதல் சுற்றில் முட்டிய இடத்தில் இரண்டாவதில் முன்கூட்டியே இறக்குகிறீர்கள், மூன்றாவதில் கொஞ்சம் தாமதமாக, ஐந்தாவதில் பிடிபட்டுவிடுகிறது. ஒரே டோக்கனில் தப்பு, திருத்தம், தேர்ச்சி மூன்றும் நடந்துவிடும். நீளமான பாதை வைத்து ஒரு வளைவை ஒரே தடவை காட்டிவிட்டு அனுப்பும் ஆட்டங்களில் இந்தப் பாடம் கிடைக்காது. முதல் பாதை சலிக்காமல் இத்தனை வருடம் நின்றதற்கு இதுதான் காரணம் என்று நினைக்கிறேன்.

சின்னச் சின்ன வேடிக்கையும் அந்தப் பாதையில் இருக்கிறது. ஒரு பாறையில் சேகாவின் பிரபல கேம் பாத்திரமான சோனிக்கின் முகம் செதுக்கியிருக்கும். தொடக்கக் கோட்டுக்கு மேலே பெரிய ஸ்லாட் மெஷின் ஒன்று சுழன்றுகொண்டிருக்கும். ஓட்டிக்கொண்டே ஸ்டார்ட் பொத்தானை அழுத்தி அதை நிறுத்தலாம். மூன்று 7 வரிசையாக விழுந்தால் 7 வினாடி கூடுதல் நேரம். பாதையின் பெயரே அதிலிருந்து வந்ததுதான். இது உறுதி. "ஸ்டார்ட்டை விடாமல் அழுத்திக்கொண்டே இருந்தால் கார் வேகம் ஏறும்" என்று கடையில் பையன்கள் சொல்வது வெறும் கதை. பாட்டைப் பற்றியும் ஒரு வரி: இசையமைத்த தக்கெனோபு மிட்சுயோஷி தானே பாடினார், பின்னணி இசையில் மனிதக் குரல் அப்படிக் கத்திப் பாடுவது அப்போது புதுசு. நாள் முழுக்க அந்தக் கடையில் வேலை பார்க்கிறவருக்கு அது எப்படி இருக்கும் என்று மட்டும் கேட்காதீர்கள்.

பின்னால் விட்ட கார் முந்துவது பற்றி. இதில் உறுதியாகச் சொல்லக்கூடியது: நீங்கள் தொடக்கத்தில் எப்படி ஓட்டுகிறீர்கள் என்பதை ஆட்டம் கவனித்து, அதற்கேற்ப எதிரிகளின் கடுமையை மாற்றிக்கொள்கிறது. வேகமாகத் தொடங்கினால் முன்னணிக் கார்களும் வேகம் எடுக்கும். தடுமாறித் தொடங்கினால் கொஞ்சம் விட்டுக்கொடுக்கும். எந்தக் கணக்கில் எவ்வளவு மாற்றுகிறது என்பது மெஷினைத் திறந்து பார்த்தாலும் கண்ணுக்குத் தெரியாது. அதனால் "முதல் வளைவில் வேண்டுமென்றே மெதுவாகப் போ, பிறகு சுலபமாக ஜெயிக்கலாம்" என்ற கடைத் தந்திரத்தை நான் பாதிதான் நம்புகிறேன். நியாயமா என்று கேட்டால், முதல் தடவை வந்தவனும் காசுக்கு ஒரு சண்டை பார்த்துவிட்டுப் போகிறான், அது நல்லது. கெட்டது என்னவென்றால், தேறியவனுக்குத் தன் தேர்ச்சி முழுதாகப் பலன் தந்த மாதிரி இருப்பதில்லை. இடத்தைப் பார்க்காதீர்கள், சுற்று நேரத்தைப் பாருங்கள் என்று பழைய ஆட்கள் சொல்வது இதனால்தான். சுற்று நேரம் பொய் சொல்லாது.

இனி, யார் என்ன சொன்னாலும் நான் விட்டுக்கொடுக்காத குறைகள். மூன்று பாதை போதாது. முதலாவது கையில் வந்த பிறகு இரண்டாவதுக்குப் போனால் படி ரொம்ப உயரம். முதல் பாதையில் கியரே மாற்றாமல் ஓரளவு சமாளித்தவன், டைனோசர் கேன்யனில் வந்த வேகத்தில் பாறையில் முட்டி, நேரம் முடிந்து, எரிச்சலோடு எழுந்து போகிறான். மூன்றாவதில் தெரு குறுகல், வளைவு அடுத்தடுத்து, சறுக்கல் தெரியாதவனுக்கு அங்கே வேலையே இல்லை. இடையில் ஒரு பாதை வைத்திருந்தால் பாதிப் பேர் தங்கியிருப்பார்கள். அதைவிடப் பெரிய குறை, மேனுவல் கியரில்தான் ஆட்டமே இருக்கிறது என்று ஆட்டம் எந்த இடத்திலும் சொல்வதில்லை. திரையில் ஒரு குறிப்பு இல்லை, பயிற்சி இல்லை. பின்னால் நிற்கும் யாராவது சொன்னால்தான் உண்டு. கூட்டம் நின்ற காலத்தில் அது ஓடியது. இப்போது மெஷின் தனியாக நிற்கும் கடையில், தெரியாமலே ஆடி, தெரியாமலே போய்விடுகிறார்கள்.

மோதலும் எனக்குப் பிடிக்காது. கூட்டத்துக்குள் ஒரு கார் லேசாக உரசினால் உங்கள் கார் தட்டாமாலை சுற்றுகிறது. முதல் பாதையில் இது நடந்தால் மீளலாம், மூன்றாவதில் ரேஸ் போச்சு. சில சமயம் முன்னால் யாரோ புரண்டு, நீங்கள் விலக வழியே இல்லாத இடத்தில் வந்து விழுவார்கள். அது திறமைக்கான சோதனை இல்லை, டோக்கன் பிடுங்கல். கார் ஒன்றுதான், 41-ஆம் எண் போட்ட ஹார்னெட், அதைப் பற்றி எனக்குப் புகார் இல்லை. எல்லோருக்கும் ஒரே கார் என்றால் சாக்குச் சொல்ல முடியாது.

ஆனால் இவ்வளவும் ஒற்றை ஆள் ஆடும்போதுதான். இரண்டு பேர் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தால் பேச்சே வேறு. மெஷின்களை ஒளியிழைக் கேபிளில் வளையமாகக் கோர்த்து 8 பேர் வரை ஒரே ரேஸில் ஓட்டலாம். எட்டு இருக்கை எல்லாம் பெரிய ஊர் மால்களுக்குத்தான். நம் ஊர்க் கடைக்கு இரண்டு போதும். எதிரி ஒரு கணக்கு இல்லை, பக்கத்து லயத்துப் பையன் என்று ஆனவுடன் மோதலின் அநியாயம்கூட வேடிக்கையாகிவிடுகிறது. இணைத்து ஆடும்போதும் பின்தங்கியவனுக்கு ஆட்டம் கொஞ்சம் வேகம் கூட்டிக் கொடுக்கும். கெட்டிக்காரர்கள் இதைத் திட்டுவார்கள். அண்ணனும் சின்னத் தம்பியும் ஆடும்போது கடைசிச் சுற்று வரைக்கும் சண்டை சாகாமல் இருப்பது இதனால்தான், அதனால் நான் திட்ட மாட்டேன். சம்பள நாள் சனிக்கிழமை சாயங்காலம் தோட்டத்து ஆட்கள் டவுனுக்குச் சாமான் வாங்க வரும்போது, அந்த இரண்டு இருக்கைக்குப் பின்னால் ஐந்தாறு பேர் கைகட்டி நிற்பார்கள். தாமான் (டவுன் குடியிருப்பு) பிள்ளைகளும் தோட்டத்துப் பிள்ளைகளும் ஒருவருக்கொருவர் பேரே தெரியாமல் ஒருவரை ஒருவர் திட்டிக்கொண்டு ஆடுவதை அங்கேதான் பார்த்திருக்கிறேன். மாமாவின் மனதில் இருப்பது இந்த டேடோனா. நீங்கள் தனியாக உட்கார்ந்து ஆடியது அது இல்லை.

கடைக்காரர் கை வைக்கும் இடத்தையும் சொல்லிவிடுகிறேன். காசுப் பெட்டிக் கதவுக்குள்ளே டெஸ்ட் பொத்தான் இருக்கிறது. அதில் கடுமை, டோக்கன் கணக்கு, சுற்று எண்ணிக்கை, இணைப்பில் எது முதல் மெஷின் எது இரண்டாவது என்று எல்லாம் மாற்றலாம். சில கடைகளில் வருமானம் குறைகிறது என்றால் கடுமையை உச்சத்தில் வைத்துவிடுவார்கள். முதல் வாரம் பெட்டி நிறையும், அப்புறம் ஆளே வராது. நீங்கள் ஆடிய மெஷினில் முதல் பாதையிலேயே அடிக்கடி நேரம் முடிந்து வெளியேற வேண்டி வந்தது என்றால், அந்த மெனுவைப் பார்க்காமல் ஆட்டத்தின் மேல் பழி போடாதீர்கள். நான் கடுமையை நடுவில் வைத்து, முதல் பாதையில் யாரும் பாதி ரேஸில் எழுந்து போகாதபடி பார்த்துக்கொள்வேன்.

புது ஆட்டங்களோடு ஒப்பிட வேண்டுமென்றால், நம் நாட்டு மால்களில் இனிஷியல் டி, மேக்ஸிமம் டியூன் என்ற கார் ஆட்டங்கள் இரண்டுக்கும் இருக்கும் கூட்டத்தைப் பாருங்கள். இனிஷியல் டி 2002-லேயே அட்டை முறையோடு வந்துவிட்டது. உங்கள் கார், உங்கள் பெயர், உங்கள் சாதனை எல்லாம் அட்டையில் சேர்ந்துகொண்டே போகும். வாரா வாரம் வருகிற இளைஞனை அது கட்டிப் போடும். டேடோனா யாரையும் கட்டிப் போடாது. முதலாவதாக வந்தாலும் மூன்று எழுத்தில் பெயர் போட்டுவிட்டு எழுந்து போக வேண்டியதுதான். அதனால் தினம் வரும் பையன்களை நம்பிக் கடை போடுவதாக இருந்தால் இது சரியான மெஷின் இல்லை. சாமான் வாங்க வரும் குடும்பம், பிள்ளை நச்சரிக்க ஒரு வெள்ளியோ (ரிங்கிட்) இரண்டு வெள்ளியோ போட்டு ஆடிவிட்டுப் போகும் இடம் என்றால் இதைவிடப் பொருத்தமானது கிடையாது. அட்டை வேண்டாம், விதி விளக்க வேண்டாம், அப்பாவும் ஆடலாம். மினி மார்க்கெட் பக்கத்துக் கடை என்கிறீர்கள், அதனால் பாதி மனது எனக்கு மாமா பக்கம்தான்.

மீதிப் பாதி மெஷினைப் பொறுத்தது. முதலில் எது என்று பாருங்கள். 1998-இல் வந்த டேடோனா யூஎஸ்ஏ 2 வேறு போர்டு, வேறு பாதைகள். இதே பழைய ஆட்டத்தைப் புது வன்பொருளில் போட்டு, டேடோனா என்ற பெயர் இல்லாமல் சேகா ரேசிங் கிளாசிக் என்று பிறகு ஒன்று வந்தது. அது கிடைத்தால் பராமரிப்பு சுலபம். நீங்கள் சொல்வது மூல மெஷின்தான் என்றால், பயமே மானிட்டரைப் பற்றித்தான். அது 24 கிலோஹெர்ட்ஸில் ஓடும் 29 அங்குலக் குழாய் மானிட்டர். பழைய டிவியை அதன் இடத்தில் வைத்து ஓட்ட முடியாது, ஏனென்றால் டிவி 15 கிலோஹெர்ட்ஸ். புதுத் தட்டைத் திரைகளில் பலவும் இடையில் ஒரு மாற்றுக் கருவி இல்லாமல் இந்தச் சிக்னலை ஏற்காது, மாற்றுக் கருவி மலிவானதாக இருந்தால் படம் கொஞ்சம் பிந்தும். பிந்தினால் என்ன ஆகும் என்று மேலேயே சொன்னேன். குழாய் மங்கியிருக்கிறதா, யாரும் ஆடாதபோது ஓடும் அறிமுகத் திரையின் எழுத்து கண்ணாடியில் நிரந்தரமாகப் படிந்திருக்கிறதா என்று மெஷின் அணைந்திருக்கும்போதே டார்ச் அடித்துப் பாருங்கள்.

மின்சாரம் அடுத்தது. ஜப்பானிலிருந்து நேரே இறக்கிய பெட்டி 100 வோல்ட்டுக்கானது, நம் சுவரில் வருவது 230, 240 வோல்ட். டிரான்ஸ்ஃபார்மர் இருக்கிறதா, பின்னால் ஒட்டியிருக்கும் தகட்டில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்காமல் சொருகாதீர்கள். நம் பக்கத்து இடி மின்னலுக்குத் தனியாகப் பாதுகாப்பு வையுங்கள், மழை இருட்டினால் பிளக்கைப் பிடுங்கிவிடுவதே உத்தமம். ஏர்கோன் இல்லாத கடையில் ஈரம் போர்டு இணைப்புகளைப் பச்சை பிடிக்க வைக்கும். பல்லியும் எறும்பும் பவர் சப்ளைக்குள் குடியிருக்கும், நான் திறந்த பெட்டிகளில் பாதியில் ஏதாவது ஒரு ஜீவன் இருந்தது. இன்னொன்று, தயவு செய்து மானிட்டர் பக்கம் நீங்களே கை விடாதீர்கள். அணைத்த பிறகும் அந்தக் குழாயில் ஆளைத் தூக்கி எறியும் அளவுக்கு மின்சாரம் தேங்கி நிற்கும். வேலை தெரிந்தவரை வைத்து அந்த மின்சாரத்தை இறக்கிய பிறகுதான் தொட வேண்டும்.

பணம் கொடுப்பதற்கு முன்னால் இரண்டு வேலை. கடையில் டோக்கன் மெஷின் வைக்க உரிமம் வேண்டும், சுங்கை சிப்புட் கோலகங்சார் நகராண்மைக் கழகத்தின் கீழ் வருகிறது, அங்கே போய்க் கேளுங்கள். "எல்லோரும் வைக்கிறாங்க" என்று விற்பவர் சொல்வதை நம்ப வேண்டாம். அடுத்தது, 2011-இல் பிளேஸ்டேஷன் 3-க்கும் எக்ஸ்பாக்ஸ் 360-க்கும் இந்த ஆட்டத்தின் நல்ல வடிவம் ஒன்று வந்தது, 60 ஃப்ரேமில் ஓடும். தெரிந்தவர் யாரிடமாவது இருந்தால் ஒரு சாயங்காலம் மாமாவோடு உட்கார்ந்து மேனுவல் எடுத்து ஆடிப் பாருங்கள். ஸ்டியரிங்கின் கனம் அதில் வராது, ஆனால் சறுக்கலில் ருசி இருக்கிறதா என்று உங்களுக்குத் தெரிந்துவிடும். அப்போதும் பிடிக்கவில்லை என்றால் மெஷினைத் தொடவே வேண்டாம், மாமா ஒருத்தர் ஆடுவதற்காக அவ்வளவு இடத்தை அடைக்க முடியாது.

பிடித்துவிட்டது என்றால் விற்பவரிடம் போய், இரண்டு பக்கமும் போட்டு இரண்டு மணி நேரம் ஓட விடச் சொல்லுங்கள். சூடேறிய பிறகு படம் நடுங்குகிறதா, நிறம் மாறுகிறதா பாருங்கள். டெஸ்ட் மெனுவில் ஸ்டியரிங்கை ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரம் வரை மெதுவாகத் திருப்பி, எண் தடையில்லாமல் ஏறி இறங்குகிறதா என்று கவனியுங்கள், குறிப்பாக நடுவில். நாலு கியரும் விழுகிறதா என்று அங்கேயே தெரியும். பிறகு இரண்டு பேர் உட்கார்ந்து இணைப்பில் ஒரு முழு ரேஸ் ஓட்டுங்கள். இணைப்பு வேலை செய்யவில்லை என்றால் பாதி விலைகூடக் கொடுக்காதீர்கள், பழுது கேபிளிலா போர்டிலா என்று கண்டுபிடிக்கும் வரை அது இரட்டை மெஷினே இல்லை. பொட்டென்ஷியோமீட்டர், மைக்ரோ சுவிட்ச் எல்லாம் மலிவு, அவை போயிருந்தால் விலை குறைக்கப் பயன்படுத்திக்கொள்ளலாம். மானிட்டர் போயிருந்தாலோ, "இப்போ ஓட வைக்க முடியாது, வாங்கிட்டுப் போய்ப் போட்டா ஓடும்" என்று அவர் சொன்னாலோ, மாமாவைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்துவிடுங்கள்.